பேனரில் நின்ற வெள்ளை நாய்

அந்த நாயை நான் வெறுத்தேன். வேறு சொல் தேடினால் கொஞ்சம் அழகாக அமைந்துவிடும். அழகாக அமைய விருப்பமில்லை, அதனால் இந்தச் சொல்லே இருக்கட்டும்.

பாகூர் ஏரிக்குத் தெற்கே, கரும்பும் நெல்லும் மாறி மாறி நிற்கிற மண்ணில், என் அண்ணன் வீடும் என் வீடும் நடுவில் ஒரு மதிலை வைத்துக்கொண்டு ஒன்றுக்கொன்று முதுகு காட்டி நிற்கின்றன. மதிலுக்கு அந்தப் பக்கம் அது இருந்தது. ராஜபாளையம். பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு, இறங்கிய நெஞ்சு, ஒட்டிய வயிறு, மண்ணுக்கு வலித்துவிடுமோ என்று அடியெடுத்து வைக்கிற கால்கள். காலையில் நான் நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டால் குரைக்கும். ஒரு வரி எழுதி அடித்து, இன்னொரு வரி எழுதி அடித்து, மூன்றாவது வரி தயங்கித் தயங்கி வாசல் வரைக்கும் வந்து நிற்கும் பாருங்கள், சரியாக அந்த நேரத்தில் ஆரம்பிக்கும். வந்த வரி திரும்பிப் போய்விடும். எத்தனை வரிகளை அது தின்றிருக்கும் என்று தெரியாது. கோழிக்கறியும் முட்டையும் தின்றது போக என் வரிகளையும் தின்று வளர்ந்தது.

அண்ணன் தொட்டது எதுவும் நிலைத்ததில்லை. இறால் குட்டை போட்டான், நோய் வந்து ஒரே வாரத்தில் எல்லாம் வெளுத்து மிதந்தது. அறுப்பு மெஷின் வாங்கினான், முதல் போகத்திலேயே சேற்றில் இறங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டது. டீக்கடை பெஞ்சில் அவன் போய் உட்கார்ந்தால் மற்றவர்கள் கண்ணாலேயே பேசிக்கொள்வார்கள். நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கண்களில் ஒரு ஜோடி என்னுடையதாகவும் இருந்திருக்கிறது.

அப்புறம் ஒரு மார்கழியில் சிநேகிதன் ஒருவனோடு சென்னைக்கு நாய்க் கண்காட்சி பார்க்கப் போனான். திரும்பி வந்தபோது மூன்று சொற்களோடு வந்தான். பெஸ்ட் இன் ஷோ.

"எத்தினி நாயி வந்தாலும் சரிடா, கடைசில ஒண்ணே ஒண்ணு. ஜட்ஜு அப்பிடியே நடந்து வருவாரு. எல்லாத்தையும் பாப்பாரு. ஒண்ணு முன்னாடி நின்னு கைய நீட்டுவாரு. அவ்ளோதான். மத்தது எல்லாம் வூட்டுக்கு."

சொல்லும்போது தன் கையையும் நீட்டிக் காட்டினான். அவன் கை அவ்வளவு நிதானமாக நீண்டு நான் பார்த்ததில்லை.

குட்டி வந்தது. வளர்ந்தது. அண்ணன் விடியற்காலையில் ஏரிக்கரையில் பைக் ஓட்ட அது கூடவே ஓடியது. பிறகு நிற்கப் பழக்கினான். முன்னங்கால் நேராக, பின்னங்கால் கொஞ்சம் பின்னால், தலை உயர, அசையாமல். அன்னியர் கை உடம்பில் ஊர்ந்தாலும் அப்படியே நிற்க வேண்டும். நடுவர் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்ப்பார், தோளை அழுத்துவார், கடைசியில் கையைப் பின்னால் கொண்டுபோய் விதை இரண்டும் இறங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். ஒன்று குறைந்தாலும் வெளியே. இனம் பெருக்கத் தகுதியானது எது என்பதுதான் அங்கே கேட்கிற கேள்வி. காயடித்த நாய் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த வளையத்துக்குள் கால் வைக்க முடியாது.

முதல் முறை போனபோது தன் இனத்தில் முதலாவது வந்தது. அதற்கு மேல் வேட்டை நாய்கள் எல்லாம் சேர்ந்த குழு. அதில் மூன்றாவது. ஒவ்வொரு குழுவிலும் முதலாவது வந்த நாய்கள் மட்டும்தான் கடைசி வளையத்துக்குப் போகும், அங்கேதான் அந்த ஒன்றைப் பொறுக்குவார்கள். அண்ணன் கயிற்றுக்கு வெளியே நின்று அதைப் பார்த்துவிட்டு வந்தான். அடுத்த வருஷம் உள்ளே, என்றான்.

அடுத்த வருஷம் ஆடி மாசத்தில் அது என் மனைவியைக் கடித்தது.

அண்ணன் வீட்டுக் கேட்டைத் திறந்து போட்டிருந்தார்கள். மதிலோரம் பறந்து விழுந்த புடவையை எடுக்கப் போனாள். சத்தமே இல்லாமல் வந்து கெண்டைக்காலைப் பிடித்தது. நான் ஓடினேன், அண்ணனும் ஓடி வந்தான். நாயின் கழுத்தைப் பிடித்து இழுத்து, மண்டியிட்டு உட்கார்ந்து, கட்டை விரலால் அதன் உதட்டைத் தூக்கினான். ஒவ்வொரு பல்லாகத் தடவினான். மேலே, கீழே, கோரைப்பல், கடைவாய். அவளுக்கு ரத்தம் குதிகால் வரைக்கும் இறங்கி செருப்புக்குள் போய்க்கொண்டிருந்தது.

"ஒண்ணும் ஆவல," என்றான் அண்ணன். பெருமூச்சு விட்டான்.

எங்கள் பக்கம் தம்பி பொண்டாட்டியிடம் மூத்தவர் நேருக்கு நேர் பேசுவது குறைவு. சரி. என்னிடம் கேட்டிருக்கலாமே. ஊசிக்கு அவளை ஒவ்வொரு தடவையும் பைக்கில் வைத்து அழைத்துப் போனபோது அவன் வாசலில்தான் நின்றிருந்தான். எங்கே போகிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. நான் காத்திருந்தேன். ஆடி போய் ஆவணி வந்தது, புரட்டாசி வந்தது. காத்திருப்பது என் உடம்பில் ஒரு வேலை மாதிரி ஆகிவிட்டது.

என் மனைவிதான் சிரித்துக்கொண்டே சொன்னாள். "உங்க அண்ணன் இன்னா பண்ணுவாரு. என் காலு ஜட்ஜு பாக்காத எடம்."

மழை பெய்து வாய்க்கால் நிறைந்த கார்த்திகையில் அண்ணன் என் வீட்டுக்கு வந்தான். மதிலைச் சுற்றிக்கொண்டு வாசல் வழியாக வந்தான், அபூர்வம்.

"பேனர் ஒண்ணு அடிக்கறன். நாலு வரி எழுதிக் குடுடா. சும்மா வாழ்த்து வேணாம். அந்த அவார்டோட இஸ்டரி தெரியணும். ஊர்ல ஒருத்தனுக்கும் அது இன்னான்னு தெரியல. கப்புன்றானுங்க. கபடி கப்பு மாதிரி."

"இன்னும் போவவே இல்லையே ண்ணா."

"ஜெயிச்ச பெறவு எவன் வேணா வெப்பான்."

மறுத்திருக்கலாம். காதுகுத்துக்கு, மஞ்சள் நீராட்டுக்கு, கருமாதிக்கு என்று எதற்கெடுத்தாலும் பேனர் கட்டுகிற இந்த ஊரில் ஒருத்தரும் என்னிடம் ஒரு வரி கேட்டதில்லை. ஃப்ளெக்ஸ் கடைக்காரனிடமே எல்லா வரியும் தயாராக இருக்கும். இருபது வருஷமாக எழுதுகிறவனிடம் முதலில் வந்து கேட்டது இந்த நாய். வெறுப்போடு ஒத்துக்கொண்டேன், வெறுப்போடு படித்தேன்.

ஆரம்பம் இங்கிலாந்து. துப்பாக்கிக்காரனோடு காட்டுக்குப் போகிற நாய்களைத்தான் முதலில் வரிசையாக நிறுத்தினார்கள். ஜெயித்தவனுக்குப் பரிசு என்ன தெரியுமா, ஒரு துப்பாக்கி. பிறகு சீமாட்டிகளின் மடி நாய்கள் வந்தன, ஆட்டுக்குக் காவல் நிற்கிறவை வந்தன, எலி பிடிக்கிறவை வந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பரிசு. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று என்ற ஆசை பிற்பாடு வந்ததுதான். மடியில் தூங்குகிறதையும் மானை விரட்டுகிறதையும் எப்படிப் பக்கத்தில் நிறுத்தி அளப்பது? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நாயை நாயோடு ஒப்பிட மாட்டார்கள். இந்த இனம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதிவைத்திருப்பார்கள், அந்தக் காகிதத்துக்கு எது ரொம்பக் கிட்டே வருகிறதோ அதுதான் சிறந்தது. அதாவது யாரும் கண்ணால் பார்க்காத ஒரு நாயோடு எல்லா நாய்களும் போட்டியிடுகின்றன.

வெள்ளைக்காரர்கள் இதைக் கப்பலில் ஏற்றி மெட்ராஸுக்கும் மலை ஊர்களுக்கும் கொண்டுவந்தார்கள். அவர்கள் போன பிறகு மில் முதலாளிகளும் எஸ்டேட்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். நம் மண்ணில் பிறந்த நாய்களுக்கு அந்த வளையத்தில் வெகுகாலம் கழித்துத்தான் இடம் கிடைத்தது. கிடைப்பது ஒரு ரிப்பன், ஒரு கோப்பை, வம்சப் பத்திரத்தில் ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகப் பெரிய மனுஷர்கள் சாகும்வரை ஏங்கியிருக்கிறார்கள். படிக்கப் படிக்க எனக்கு எரிச்சல் கூடியது. காகிதத்தில் ஒரு வரிக்காக ஏங்குகிறவர்களைப் பற்றி நான் சிரிக்க முடியாது என்பதும் அந்த எரிச்சலில் சேர்த்தி.

பஸ் நிற்கிற முனையில் பேனர் எழுந்தது. நடுவில் நாய், தலையில் தங்கக் கிரீடம், பின்னால் மின்னல். மேலே மேகத்துக்குள் அப்பாவும் அம்மாவும். பக்கத்தில் கூலிங் கிளாஸோடு அண்ணன். கீழே வட்ட வட்டமாகச் சிநேகிதர்கள், கடைசி வட்டத்தில் நான், 'வாழ்த்தும் தம்பி'. என்னைக் கேட்காமல் போட்டிருந்தான். சரித்திரத்தை நான் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன். கடைக்காரன் அதை எறும்பு அளவுக்குக் குறுக்கி நாயின் வயிற்றுக்குக் கீழே போட்டுவிட்டான். பெரிய எழுத்தில் இருந்தது என் ஒரே ஒரு வரி: 'கரும்புக்காட்டு வெண்மின்னலே, கடைசி வளையம் உனக்கே.'

என் மனைவி காய் வாங்கப் போகிறபோது நின்று முழுசாகப் படித்துவிட்டு வந்தாள்.

"நாயிக்குக் கிரீடம். உங்களுக்கு வட்டம்," என்றாள். "எனக்குத்தான் நல்ல எடம். ரெண்டுத்துலயும் இல்ல."

கண்காட்சிக்கு மூன்று வாரம் இருந்தது. அண்ணன் நாயின் கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டான். பட்டை கிடந்தால் கழுத்து முடி மடிந்து தடம் விழும், நடுவர் கண்ணுக்கு அது படும் என்பது கண்காட்சிக்குப் போகிறவர்கள் கணக்கு. பட்டை இல்லாத நாயைக் கேட்டுக்குள்தான் வைத்திருந்தான். ஆனால் கார்த்திகை மாசத்தில் கேட்டு என்ன செய்யும். தெருவில் ஒரு செவலைப் பெட்டை பருவத்தில் திரிந்தது. மதில் ஓரத்துக் குப்பையில் ஏறி அண்ணன் நாய் தாண்டியிருக்க வேண்டும்.

காலையில் நான் டவுனுக்குப் போக பஸ்ஸுக்கு நின்றிருந்தேன், அந்த பேனருக்குக் கீழேயே. கரும்புக்குள்ளிருந்து பெட்டை வந்தது, பின்னால் நாலைந்து கடுவன்கள். அதில் ஒன்று நீளக் காலோடு, கழுத்து வரைக்கும் வாய்க்கால் சேறு அப்பி, சாம்பல் நிறத்தில். மூக்கைப் பார்த்துத்தான் அடையாளம் தெரிந்தது. கூப்பிட வாயெடுப்பதற்குள் வண்டி வந்துவிட்டது. தெரு நாய்களைப் பிடித்துப் போய் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்து, அடையாளத்துக்குக் காதைக் கொஞ்சம் வெட்டி, பிடித்த இடத்திலேயே திரும்ப விடுகிற வண்டி. முனையில் நாய்த்தொல்லை என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

இரண்டு பேர் வலையோடு இறங்கினார்கள். மற்றவை தெறித்து ஓடின. இது ஓடவில்லை. அன்னியர் கை வந்தால் நிற்கப் பழகிய நாய். நின்றது. வலை விழுந்தது.

வயசில் மூத்தவர் வலையைப் பார்த்தார், அண்ணாந்து பேனரைப் பார்த்தார், பிறகு கீழ் வட்டத்தில் இருக்கிற முகத்தையும் என்னையும் பார்த்தார்.

"சார், இந்த பேனர்ல இருக்கறதா இது?"

குரல் மரியாதையாகத்தான் இருந்தது. ஒரு சொல் போதும், திறந்துவிட்டிருப்பார். நாய் வலைக்குள்ளிருந்து என்னைப் பார்த்தது. என்னைப் பார்த்து அது குரைக்காதது அன்றைக்குத்தான்.

"அது எங்க அண்ணன் வூட்டு நாயி," என்றேன். "அத்த போயி இப்பிடி சேத்துல வுடுவாங்களா? இது வேற."

"அதான பாத்தன்," என்று சிரித்தார். "அது ஏசில இல்ல இருக்கும்."

வண்டி போனது. பஸ் வந்தது. ஜன்னல் சீட்டு கிடைத்தது. கரும்புப் பூக்கள் வெள்ளையாக ஆடிக்கொண்டே கூட வந்தன. வில்லியனூர் போகிற பஸ்ஸுக்கு மாறுகிற வரைக்கும் எனக்குள் ஒரே ஒரு படம்தான், கட்டை விரல், தூக்கிய உதடு, வரிசையான பற்கள். வண்டியின் பக்கவாட்டில் எழுதியிருந்த போன் நம்பர் கண்ணில் ஒட்டியிருந்தது. போன் சட்டைப் பையில் இருந்தது.

சாயங்காலம் வந்து இறங்கினால் அண்ணன் முனையிலேயே நிற்கிறான். "ஏறுடா. நாயக் காணம்." பின்னால் ஏறினேன்.

அன்றைக்கும் மறுநாளும் அவனோடு போனேன். சோரியாங்குப்பம் வரைக்கும், ஆற்றங்கரை வரைக்கும், நல்லவாட்டில் படகுகள் ஏற்றி வைத்திருக்கிற மணல் வரைக்கும். அங்கே கருவாடு காய வைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் அண்ணன் போனில் படத்தைக் காட்டினான். கிரீடம் வைத்த படம், அதுதான் கைவசம் இருந்தது.

"இதுவா," என்றாள் அந்த அம்மா. "கிரீடம் போட்டுக்கினு எதுவும் இந்தப் பக்கம் வர்லபா. வந்திருந்தா வணக்கம் வெச்சிருப்பன்."

நான் சிரித்துவிட்டேன். அண்ணன் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது காற்றில் பாதி போக மீதி காதில் விழுகிற மாதிரி பேசிக்கொண்டே வந்தான். போன வருஷம் இதே இனத்தில் இரண்டாவது வந்த நாய்க்காரன் ஆள் வைத்துத் தூக்கியிருப்பான் என்றான். பிறகு சொன்னான்.

"ஜெயிக்கக்கூட வேணாம்டா. அந்தக் கடைசி ரிங்குல ஒருக்கா நின்னா போதும். மைக்ல ஓனர் பேரு சொல்லுவான், ஊரு பேரு சொல்லுவான். டீக்கடைல இவனுங்க எல்லாம் போன்ல கேட்டிருப்பானுங்க."

அவன் முதுகு என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ஆபரேஷன் இன்னும் ஆகியிருக்காது என்று அப்போது தோன்றியது. தோன்றியதையும் அப்படியே உட்கார்ந்து வந்ததையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"சொல்லிடுங்க."

"உன் காலுக்கு..."

"என் காலுக்குன்னு சொல்லாதீங்க. நான் கேட்டனா? உங்க வரிய அது கெடுத்துச்சி, அதுக்குன்னு சொல்லுங்க. நம்புவன்."

நான் சொல்லவில்லை. அண்ணனிடமும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் காலை, பஸ்ஸுக்கு நிற்கிற அதே நேரம், வண்டி அதே முனைக்கு வந்தது. அண்ணன் அங்கே நின்று 'காணவில்லை' என்று அச்சடித்த காகிதத்தை பேனரின் சட்டத்தில் கட்டிக்கொண்டிருந்தான். கதவு திறந்தது. நாய் குதித்தது. கழுவிவிட்டிருந்தார்கள் போல, பழைய வெள்ளை திரும்பியிருந்தது. இடது காதின் நுனி நேர்க்கோடாக வெட்டப்பட்டிருந்தது.

அண்ணன் ஓடிப்போய் மண்டியிட்டான். கட்டை விரல் உதட்டைத் தூக்கியது. பற்களைத் தடவினான். காதைத் தொட்டான். கை தோளுக்கு, விலாவுக்கு, இடுப்புக்கு என்று நடுவரின் கை போலவே வரிசையாகப் போனது. பின்னால் போனது. நின்றது. நாயும் நின்றது, முன்னங்கால் நேராக, பின்னங்கால் கொஞ்சம் பின்னால், தலை உயர.

வண்டிக்காரர் முகம் மாறிவிட்டது. பேனரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கேட்டன் சார். இந்த சார்தான் இது வேறன்னாரு."

அண்ணன் எழுந்திருக்கவில்லை. மண்டியிட்டபடியே தலையை மட்டும் திருப்பினான்.

"நீ சொன்னியா?"

"சொன்னன்."

"இன்னாத்துக்குடா?"

நான்கு மாசம் நாக்கடியில் வைத்திருந்ததை எடுத்தேன். "அவ காலு."

"எந்தக் காலு?"

நடிப்பில்லை. அவன் முகத்தை எனக்குச் சின்ன வயசிலிருந்து தெரியும். உண்மையாகவே தேடினான். புருவம் சுருங்கி, எந்தக் கால், யாருடைய கால் என்று தேடினான். கிடைக்கவில்லை. நான் நான்கு மாசம் எதற்கு எதிரில் காத்திருந்தேனோ அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சில்லை. மார்கழி வந்தது, போனது. அவன் சென்னைக்குப் போகவில்லை. மதிலின் மேல் இன்னும் இரண்டு வரிசை கல் வைத்துக் கட்டினான். என் மனைவியின் காலில் தழும்பு கருத்துக் கிடக்கிறது, அவள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்கும் இப்போது காலையில் சத்தமில்லை, வரியும் இல்லை.

பேனரை அவன் கழற்றவில்லை. வெயிலில் கிரீடம் முதலில் வெளுத்தது. என் வட்டத்தைக் காற்று கிழித்துவிட்டது. நாயை இப்போது கட்டிவைப்பதில்லை, கேட்டு திறந்தே கிடக்கிறது. முனைக்கு வந்து பேனர் நிழலில் படுத்திருக்கும். அங்கே யார் வண்டியை நிறுத்தினாலும் எழுந்துவிடும். எழுந்து முன்னங்கால் நேராக, பின்னங்கால் கொஞ்சம் பின்னால் வைத்துத் தலை உயர்த்தி நிற்கும்.

நேற்று மீன்கார அம்மா மொபெட்டை நிறுத்தியபோதும் நின்றது.

"இன்னாடா," என்றாள், "மாப்ள பாக்க ஆளு வந்திருக்கா?" ஒரு சங்கராத் தலையை வெட்டி அதன் காலடியில் போட்டாள்.

அது குனியவில்லை. மீன் மேல் ஈ மொய்த்தது. அவள் மொபெட்டை உதைத்துக் கிளம்பிப் போனாள். அது அப்படியே, வெட்டிய காது விறைக்க, யாரோ வந்து உதட்டைத் தூக்கிப் பார்க்கட்டும் என்று நின்றது. பஸ் நிறுத்தத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். இரண்டு அடி தூரம். நான் கையை நீட்டவில்லை.